அத்தியாயம் 9: இரண்டு 'அஸ்'களுக்கு நடுவே

தமிழில் ஒப்பிட்டுப் பேசும்போது, யாரோடு ஒப்பிடுகிறோமோ அவரை முதலில் சொல்லிவிடுகிறோம். 'அண்ணன் அளவுக்கு உயரம்', 'அண்ணனைப் போலவே உயரம்' என்கிறோம். அண்ணன் முன்னால் வருகிறான், உயரம் பின்னால் வருகிறது. ஆங்கிலம் உயரத்தை முதலில் சொல்லிவிட்டு அண்ணனைக் கடைசியில் கொண்டுவருகிறது. உயரத்தின் இருபுறமும் 'அஸ்' என்ற சின்னச் சொல் நிற்கிறது: 'ஹீ இஸ் அஸ் டால் அஸ் ஹிஸ் பிரதர்.'

இதில் நம்மவர்கள் முதலில் தவறவிடுவது முன்னால் நிற்கும் 'அஸ்'ஸைத்தான். 'ஹீ இஸ் டால் அஸ் ஹிஸ் பிரதர்' என்று சொல்லிவிடுகிறோம். 'போல' என்ற ஒரே சொல்லில் வேலையை முடித்துப் பழகியவர்களுக்கு இரண்டாவது ஒன்று எதற்கு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் தமிழிலேயே இரண்டு சொல் கேட்கிற இன்னொரு அமைப்பு உண்டு: 'அண்ணன் எவ்வளவு உயரமோ, இவனும் அவ்வளவு உயரம்.' இங்கே 'எவ்வளவு', 'அவ்வளவு' இரண்டில் ஒன்றை எடுத்தாலும் வாக்கியம் நிற்காது. ஆங்கிலத்தின் முதல் 'அஸ்' நம் 'அவ்வளவு'. இரண்டாவது 'அஸ்' நம் 'எவ்வளவு'. 'போல' என்பதை மறந்துவிட்டு இந்த ஜோடியை மனதில் வைத்துக்கொண்டால் முதல் 'அஸ்' தானாக வாயில் வரும்.

'அஸ்' பிறந்த கதையும் இதற்குத் துணை நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'முழுக்க அவ்வாறே' என்ற பொருளில் இருந்த ஒரு தொடர் காலப்போக்கில் தேய்ந்து 'ஆல்ஸோ' ஆனது. அதுவே இன்னும் தேய்ந்து 'அஸ்' ஆனது. 'அவ்வாறே', 'அவ்வளவு' என்னும் சுட்டுப் பொருள் அந்தச் சொல்லின் வேரிலேயே இருக்கிறது.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தொடரில் அழுத்தம் முழுவதும் நடுச்சொல்லுக்கே. இரண்டு 'அஸ்'களும் லேசாக வந்து போக வேண்டும். 'ஆஸ்' என்று நீட்டக் கூடாது. கடைசி ஒலி நம் 'ஸ்' போலக் காற்றாக வராமல், தேனீ ரீங்கரிப்பது போலத் தொண்டை அதிர வர வேண்டும். 'அஸ் ஈஸி அஸ்' என்பதை வேகமாகச் சொல்லும்போது மூன்று சொற்களும் ஒட்டி 'அஸீஸியஸ்' என்று ஒரே சொல் போலக் கேட்கும். ஆங்கிலச் செய்திகளைக் கேட்கும்போது 'அஸ்' காதில் விழவே இல்லையே என்று திணறுகிறவர்களுக்கு விளக்கம் இதுதான்.

சமம் என்றால் எந்த அளவுக்குச் சமம்?

பள்ளியில் 'அஸ் – அஸ்' என்றால் சமம் என்று சொல்லித் தந்துவிடுகிறார்கள். அது முக்கால்வாசிதான் சரி. 'ஹீ இஸ் அஸ் டால் அஸ் ஹிஸ் பிரதர்' என்பது அங்குலம் பிசகாத சமத்தைச் சொல்வதில்லை. அண்ணனுக்குக் குறையாத உயரம் என்றுதான் சொல்கிறது. அதனால்தான் 'இஸ் ஹீ அஸ் டால் அஸ் ஹிஸ் பிரதர்?' என்று கேட்டால், 'யெஸ், ஈவன் டாலர்' என்று பதில் சொல்ல முடிகிறது. ஆமாம், இன்னும் கொஞ்சம் அதிகமே என்று பொருள். இரண்டும் அச்சாக ஒன்று என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஆங்கிலம் பெயர்ச்சொல்லைக் கேட்கும்: 'ஹீ இஸ் தி சேம் ஹைட் அஸ் ஹிஸ் பிரதர்.' துணி அளவு, மருந்தின் அளவு, இயந்திரப் பாகத்தின் அளவு போன்றவற்றில் 'தி சேம் சைஸ் அஸ்' என்று எழுதுவதே பாதுகாப்பு.

'சேம்' வந்தால் பின்னால் 'அஸ்' வரும். நம்மூரில் சாதாரணமாகக் காதில் விழும் 'சேம் லைக்' தவறு. அதைத் திருத்தப் போய்ச் சிலர் சொல்லும் 'அஸ் சேம் அஸ்' என்பதும் தவறு. 'தி' சேர்த்து 'தி சேம் அஸ்' என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள்.

'லைக்' வேறு வேலை செய்யும் சொல். 'ஹீ இஸ் டால், லைக் ஹிஸ் பிரதர்' என்றால் இருவருமே உயரமானவர்கள் என்று பொருள். அதில் அளவு இல்லை, சாயல்தான் இருக்கிறது. தமிழின் 'போல' அளவு, சாயல் இரண்டையும் ஒரே சொல்லில் சுமப்பதால் இந்தக் குழப்பம் நமக்கு வருகிறது. அளவைச் சொல்ல வந்தால் 'அஸ் – அஸ்', சாயலைச் சொல்ல வந்தால் 'லைக்'.

எந்த உரிச்சொல்லை நடுவில் வைக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். 'மை டாட்டர் இஸ் அஸ் ஓல்ட் அஸ் யுவர்ஸ்' என்று இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றிக்கூடச் சொல்லலாம். அதில் முதுமை எங்கும் இல்லை, வயது மட்டும்தான் இருக்கிறது. 'டால்', 'ஓல்ட்', 'பிக்', 'லாங்' போன்ற சொற்கள் இந்த அமைப்புக்குள் வந்ததும் வெறும் அளவுகோலாகிவிடும். அவற்றின் எதிர்ச்சொற்கள் அப்படி ஆவதில்லை. 'ஹீ இஸ் அஸ் ஷார்ட் அஸ் ஹிஸ் பிரதர்' என்றால் இருவரும் குள்ளம் என்று சொல்லிவிட்டீர்கள். 'திஸ் ஹோட்டல் இஸ் அஸ் பேட் அஸ் தட் ஒன்' என்றால் இரண்டு விடுதிகளையும் சேர்த்துத் திட்டியாயிற்று. யாரையும் காயப்படுத்தாமல் ஒப்பிட வேண்டுமானால் 'டால்' பக்கத்துச் சொல்லையே எடுங்கள்.

குறைவைச் சொல்லத்தான் இது அதிகம் உதவுகிறது

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். 'அஸ் – அஸ்' சமத்தைச் சொல்வதற்கான அமைப்பு என்று பாடநூல்கள் தலைப்பிடுகின்றன. அன்றாட ஆங்கிலத்தில் அதன் பெரிய பயன் எதிர்மறையில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஒன்று இன்னொன்றின் அளவுக்கு இல்லை என்பதை, யார் மனமும் நோகாமல் சொல்ல ஆங்கிலத்தில் இதைவிட நல்ல கருவி இல்லை.

'நாட் அஸ் டால் அஸ்' என்றால் சமம் இல்லை என்று மட்டும் பொருள் அல்ல, குறைவு என்றே பொருள். தமிழிலும் அப்படித்தான்: 'அண்ணன் அளவுக்கு உயரம் இல்லை' என்று கேட்டவர் யாரும், ஒருவேளை அண்ணனைவிட அதிகமோ என்று நினைக்க மாட்டார். இந்த இடத்தில் நம் மொழிப் பழக்கம் நேராகக் கைகொடுக்கிறது. 'அளவுக்கு இல்லை' என்று மனதில் வந்தால் 'நாட் அஸ் – அஸ்' என்று வாயில் வரட்டும்.

விடுதி அறை சுத்தமாக இல்லை. வரவேற்பு மேசைக்குப் போய் 'தி ரூம் இஸ் டர்ட்டி' என்று சொன்னால் அது சண்டையின் முதல் வரி. 'தி ரூம் இஸ்ன்ட் அஸ் க்ளீன் அஸ் ஐ எக்ஸ்பெக்டெட்' என்று சொல்லிப் பாருங்கள். நான் எதிர்பார்த்த அளவுக்குச் சுத்தமாக இல்லை என்கிறீர்கள். புகார் அப்படியே இருக்கிறது, ஆனால் எதிரே இருப்பவர் தற்காத்துக்கொள்ள வேண்டிய அவசியம் குறைகிறது. அலுவலகத்தில் உடன் வேலை செய்பவரின் அறிக்கை குழப்பமாக இருந்தால் 'இட் இஸ்ன்ட் அஸ் க்ளியர் அஸ் இட் குட் பி'. இன்னும் தெளிவாக எழுத உங்களால் முடியும் என்ற நம்பிக்கையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது இந்த வாக்கியம். ஊசி போட்டுக்கொள்ளப் பயப்படும் பிள்ளைக்கு 'இட்ஸ் நாட் அஸ் பேட் அஸ் யூ திங்க்'. மேலதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதும்போது 'தி வொர்க் இஸ் நாட் கோயிங் அஸ் ஃபாஸ்ட் அஸ் வீ ஹோப்ட்'. இந்த நான்கையும் நாக்கில் படியும்வரை சொல்லிப் பழகியவருக்கு ஆங்கிலச் சூழலில் பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும்.

குறைவு எவ்வளவு என்பதையும் கூட்டிக் குறைக்கலாம். ஆனமுடியின் உயரம் 2,695 மீட்டர், தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். வித்தியாசம் வெறும் 58 மீட்டர். எனவே 'தொட்டபெட்டா இஸ் நாட் குவைட் அஸ் ஹை அஸ் ஆனமுடி'. 'குவைட்' வந்ததும் இடைவெளி சுருங்கிவிட்டது. இடைவெளி பெரிது என்றால் 'நாட் நியர்லி அஸ்'. பூமியின் விட்டம் நிலநடுக்கோட்டில் சுமார் 12,756 கிலோமீட்டர். வெள்ளியின் விட்டம் சுமார் 12,104 கிலோமீட்டர், செவ்வாயின் விட்டம் சுமார் 6,780 கிலோமீட்டர். 'வீனஸ் இஸ் நியர்லி அஸ் பிக் அஸ் தி எர்த்': வெள்ளி கிட்டத்தட்ட பூமி அளவு. 'மார்ஸ் இஸ் நாட் நியர்லி அஸ் பிக் அஸ் தி எர்த்': செவ்வாய் பூமியின் கிட்டவே வராது. 'நாட்' என்ற ஒரு சொல் 'கிட்டத்தட்ட'வை 'கிட்டவே வராது' என்று புரட்டிப் போடுகிறது. 'நியர்லி' என்றால் எப்போதும் 'ஏறக்குறைய' என்று மனப்பாடம் செய்தவர்கள் இரண்டாவது வாக்கியத்தைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள், கவனம்.

'நாட் அஸ்' என்பதற்குப் பதில் 'நாட் ஸோ' என்றும் வரலாம்: 'நாட் ஸோ டால் அஸ்'. எதிர்மறையில் 'ஸோ'தான் சரி என்று வலியுறுத்திய இலக்கண ஆசிரியர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். இன்று இரண்டும் சரி; பேச்சில் 'அஸ்' மிக அதிகம். உடன்பாட்டில் மட்டும் முதல் இடத்தில் 'ஸோ' வராது.

போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இதே எதிர்மறை இன்னொரு வகையிலும் வேண்டும். 'லித்தியம் இஸ் தி லைட்டஸ்ட் மெட்டல்' என்பதை மாற்றி எழுதச் சொன்னால் 'நோ அதர் மெட்டல் இஸ் அஸ் லைட் அஸ் லித்தியம்' என்று எழுத வேண்டும். வேறு எந்த உலோகமும் லித்தியம் அளவுக்கு எடை குறைந்தது அல்ல. 'மிகச் சிறந்தவற்றுள் ஒன்று' என்ற பொருள் வந்தால் 'வெரி ஃபியூ'வில் தொடங்க வேண்டும்: 'வெரி ஃபியூ மவுன்டன்ஸ் ஆர் அஸ் ஹை அஸ் கே2.' 8,611 மீட்டர் கொண்ட அந்தச் சிகரத்தைத் தாண்டி நிற்பது எவரெஸ்ட் மட்டுமே. இரண்டிலும் நடுவில் 'லைட்', 'ஹை' என்று வெறும் சொல்தான் வருகிறது பாருங்கள். 'அஸ் லைட்டர் அஸ்', 'அஸ் ஹையர் அஸ்' என்று ஒருபோதும் வராது.

நடுவில் உரிச்சொல்லா, வினையடையா?

'ஆன' வந்தால் உரிச்சொல், 'ஆக' வந்தால் வினையடை என்று சொல்லித் தருவது வழக்கம். இந்தச் சூத்திரம் நம்மைக் கைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. 'அவன் கவனமாக ஓட்டுகிறான்', 'அவன் கவனமாக இருக்கிறான்' இரண்டிலும் தமிழில் 'கவனமாக'தான். ஆங்கிலத்தில் முதலாவது 'ஹீ டிரைவ்ஸ் அஸ் கேர்ஃபுலி அஸ் ஹிஸ் ஃபாதர்'. இரண்டாவது 'ஹீ இஸ் அஸ் கேர்ஃபுல் அஸ் ஹிஸ் ஃபாதர்'. எனவே 'ஆக' இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், வினையைப் பாருங்கள். 'இரு' என்பதற்கு நிகரான 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' வந்தால் நடுவில் உரிச்சொல். ஓடுதல், பாடுதல், எழுதுதல் போன்ற செயல் வந்தால் வினையடை.

'லுக்', 'டேஸ்ட்', 'ஸ்மெல்', 'சவுண்ட்', 'ஃபீல்' ஆகிய ஐந்தும் தோற்றம், சுவை, மணம் முதலியவற்றைச் சொல்லும்போது 'இரு' வகையோடு சேர்ந்துகொள்ளும். 'திஸ் காஃபி டேஸ்ட்ஸ் அஸ் குட் அஸ் மை மதர்ஸ்' என்றுதான் வரும், 'அஸ் வெல் அஸ்' வராது. ஆனால் 'ஷீ குக்ஸ் அஸ் வெல் அஸ் மை மதர்'. சமைப்பது செயல் என்பதால் 'வெல்'. 'குட்', 'வெல்' இரண்டையும் மாற்றிப் போடுவது நேர்காணலில் உடனே தெரிந்துவிடும் பிழை.

'ஃபாஸ்ட்', 'ஹார்ட்', 'ஏர்லி', 'லேட்' நான்கும் இரண்டு வேலைக்கும் ஒரே உருவம். உசைன் போல்ட் 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார்: 'நோ ஒன் எல்ஸ் ஹேஸ் ரன் தி ஹன்ட்ரட் மீட்டர்ஸ் அஸ் ஃபாஸ்ட் அஸ் போல்ட்.' 'ஃபாஸ்ட்லி' என்ற சொல்லைப் பயன்படுத்தவே கூடாது. 'ஹார்ட்லி' என்று ஒரு சொல் இருக்கிறது, ஆனால் அதன் பொருள் 'அரிதாக'. 'ஷீ வொர்க்ஸ் அஸ் ஹார்ட் அஸ் எனிஒன்' என்பது பாராட்டு. 'ஷீ ஹார்ட்லி வொர்க்ஸ்' என்பது அவள் வேலையே செய்வதில்லை என்ற குற்றச்சாட்டு.

வினையடை வரும் தொடர்களில் தினமும் தேவைப்படுவது 'அஸ் சூன் அஸ் பாஸிபிள்'. 'பாஸிபிள்' இருக்கும் இடத்தில் 'யூ கேன்' போட்டால் தொனி இளகும். 'ப்ளீஸ் ரிப்ளை அஸ் சூன் அஸ் யூ கேன்' என்பதில் உங்களால் முடிந்தபோது என்ற மரியாதை இருக்கிறது.

பெயர்ச்சொல் நுழையும்போது

'எத்தனை'க்கு 'மெனி', 'எவ்வளவு'க்கு 'மச்' என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறு வராது. எண்ணக்கூடியவை 'அஸ் மெனி புக்ஸ் அஸ்'. எண்ண முடியாதவை 'அஸ் மச் வாட்டர் அஸ்'. பேச்சுத் தமிழில் 'எவ்வளவு பேர் வந்தாங்க' என்று கேட்பதால் 'அஸ் மச் பீப்பிள்' என்று வாய் தடுமாறும். பேர் என்றால் எண்ணிக்கை, ஆகவே 'மெனி'.

உரிச்சொல்லோடு ஒருமைப் பெயரும் சேர்ந்து வந்தால் ஆங்கிலம் விநோதமான வரிசையைக் கேட்கும்: 'ஷீ இஸ் அஸ் குட் எ டாக்டர் அஸ் ஹர் மதர்.' அந்த 'எ', 'குட்'டுக்குப் பின்னால் போய் நிற்கிறது. இது எழுத்து நடைக்கு அழகு. பேச்சில் தடுமாற்றமாக இருந்தால் 'அஸ் எ டாக்டர், ஷீ இஸ் அஸ் குட் அஸ் ஹர் மதர்' என்று பிரித்துச் சொல்லிவிடலாம்; அந்த முதல் 'அஸ்' மருத்துவர் என்ற முறையில் என்று பொருள்படும் வேறு 'அஸ்'. பன்மைக்கு இந்த வரிசை ஒத்துவராது, 'டாக்டர்ஸ் அஸ் குட் அஸ்' என்று பெயரை முன்னால் கொண்டுவர வேண்டும்.

ஒப்பிடும் இரண்டும் ஒரே இனமாக இருக்கட்டும். 'தி க்ளைமேட் ஆஃப் கொடைக்கானல் இஸ் அஸ் ப்ளஸன்ட் அஸ் ஊட்டி' என்று எழுதினால் ஒரு பருவநிலையை ஓர் ஊரோடு ஒப்பிட்டதாகிறது. 'அஸ் தட் ஆஃப் ஊட்டி' என்று எழுத வேண்டும். கட்டுரைகளில் மதிப்பெண் போகும் இடம் இது.

'அஸ் டால் அஸ் ஐ'யா, 'அஸ் டால் அஸ் மீ'யா என்று கேட்பார்கள். பேச்சில் 'மீ' இயல்பு, 'ஐ' மட்டும் தனியாக நின்றால் விறைப்பாக ஒலிக்கும். 'அஸ் ஐ ஆம்' என்று முடித்துவிட்டால் எங்கும் பொருந்தும், யாரும் குறை சொல்ல முடியாது. சில இடங்களில் அப்படி முடிப்பது தேவையும்கூட. 'ஷீ லவ்ஸ் தி சைல்ட் அஸ் மச் அஸ் மீ' என்றால், என்னை நேசிக்கும் அளவுக்கா, நான் நேசிக்கும் அளவுக்கா என்று தெரியாது. 'அஸ் ஐ டூ' என்றால் நான் நேசிக்கும் அளவு, 'அஸ் ஷீ லவ்ஸ் மீ' என்றால் என்னை நேசிக்கும் அளவு.

மடங்குகள்

'ட்வைஸ்', 'த்ரீ டைம்ஸ்', 'ஹாஃப்' எல்லாம் முதல் 'அஸ்'ஸுக்கு முன்னால் உட்காரும். நிலவின் விட்டம் சுமார் 3,475 கிலோமீட்டர் என்பதால், 'தி எர்த் இஸ் நியர்லி ஃபோர் டைம்ஸ் அஸ் வைட் அஸ் தி மூன்'. 'டூ டைம்ஸ் மோர் தேன்' என்று எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. அது இரண்டு மடங்கா, இரண்டு மடங்கு கூடுதலாக மூன்று மடங்கா என்று சிலர் குழம்புவார்கள். பணம், மருந்து சம்பந்தப்பட்ட எழுத்தில் 'ட்வைஸ் அஸ் மச் அஸ்' என்றே எழுதுங்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'ஹாஃப் அஸ் மச் அகெய்ன்' என்று ஒன்று உண்டு. 'ஹாஃப்' இருப்பதால் பாதி என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒன்றரை மடங்கு.

சமம் சொல்லாத 'அஸ் – அஸ்'

நாளிதழில் 'அஸ் மெனி அஸ் 500 பீப்பிள்' என்று வந்தால் எதுவும் எதனோடும் ஒப்பிடப்படவில்லை. '500 பேர் வரை, அது பெரிய எண்ணிக்கை' என்று நிருபர் அழுத்துகிறார். 'அஸ் லிட்டில் அஸ் டென் ரூபீஸ்' என்றால் வெறும் பத்து ரூபாய்க்கே. 'அஸ் ஏர்லி அஸ் 1900' என்றால் 1900ஆம் ஆண்டிலேயே. 'அஸ் குட் அஸ் டன்' என்றால் முடிந்த மாதிரிதான், ஆனால் முடியவில்லை. 'அஸ் ஃபார் அஸ் ஐ நோ' நானறிந்தவரை. 'அஸ் லாங் அஸ் யூ பே' நீங்கள் பணம் கட்டும்வரை, கட்டினால். இவற்றைப் பிரித்துப் பொருள் தேடாமல் முழுத் தொடராகவே பழகிக்கொள்ளுங்கள்.

'அஸ் பிஸி அஸ் எ பீ', 'அஸ் லைட் அஸ் எ ஃபெதர்', 'அஸ் ஓல்ட் அஸ் தி ஹில்ஸ்' போன்ற உவமைத் தொடர்கள் ஆங்கிலத்தில் நிறைய உண்டு. கேட்டால் புரிந்துகொள்ளத் தெரிந்திருந்தால் போதும். தேய்ந்துபோன தொடர்கள் என்பதால் கட்டுரையில் நீங்களாகப் போய் அவற்றைச் சேர்க்க வேண்டாம்.

பயிற்சி

கீழே உள்ளவற்றை முதலில் வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்லுங்கள், பிறகு விடையைப் பாருங்கள்.

1. இந்த வேலை நான் நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை.
2. அவள் அக்கா மாதிரியே கவனமாக வண்டி ஓட்டுகிறாள்.
3. போன வருடம் போல இந்த வருடம் மழை இல்லை.
4. இங்கே வாடகை எங்கள் பழைய வீட்டைப் போல இரண்டு மடங்கு.

விடைகள்:

1. திஸ் வொர்க் இஸ்ன்ட் அஸ் ஹார்ட் அஸ் ஐ தாட்.
2. ஷீ டிரைவ்ஸ் அஸ் கேர்ஃபுலி அஸ் ஹர் சிஸ்டர்.
3. வீ ஹேவ்ன்ட் ஹேட் அஸ் மச் ரெயின் திஸ் இயர் அஸ் லாஸ்ட் இயர்.
4. தி ரென்ட் ஹியர் இஸ் ட்வைஸ் அஸ் ஹை அஸ் அட் அவர் ஓல்ட் ஹவுஸ்.

மூன்றாவதில் 'லைக் லாஸ்ட் இயர்' என்று சொல்லியிருந்தால், தமிழின் 'போல' உங்களை இழுத்துவிட்டது. மழையின் அளவைச் சொல்ல வந்த வாக்கியம் இது. அளவு என்றாலே இரண்டு 'அஸ்'. நான்காவதில் 'அட்' விட்டுப்போயிருந்தால், வாடகையை வீட்டோடு ஒப்பிட்டுவிட்டீர்கள். ஊட்டி வாக்கியத்தை இன்னொரு முறை படித்துவிட்டு வந்து சொல்லிப் பாருங்கள்.